பதினேழாவது கேள்வி

அய்யாசாமிக்குக் காகிதத்தைக் கண்டால் ஆகாது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், கையெழுத்தும் போடுவார். ஆனால் எவன் காகிதத்தை நீட்டினாலும், தன்னைக் கவிழ்க்கிற வரி ஒன்று அதில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். ரேஷன் கார்டு புதுப்பிக்க வந்தவனையே வெயிலில் நிற்க வைத்து இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் பத்து வருஷமாகத் தன் பெண்டாட்டியிடம் ஒரு பொய்யைச் சொல்லிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதை உடைக்கவும் ஒரு காகிதம்தான் வந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆனி மாசம். நூம்பலில் வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. தகட்டை உள்ளே கொடுத்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி, வட்ட வட்டமாக வாஷர் வெட்டித் தள்ளும். சைக்கிளுக்குப் போகிற வாஷர். அய்யாசாமி தகட்டைக் கொடுக்க, கெங்கம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து விழுந்த வாஷர்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு ஆள் கிடையாது. இவர்கள் இரண்டு பேர்தான்.

வாசலில் மொபெட் வந்து நின்றது. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஆள், கக்கத்தில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட காகிதக் கட்டு. அய்யாசாமி பிரஸ்ஸை நிறுத்தினார்.

"யாருய்யா அது? லோன் வாங்கச் சொல்றதுன்னா அப்டியே திரும்பிப் போயிடு."

"லோனும் இல்ல, சீட்டும் இல்ல அண்ணாத்தே. சர்வே."

"நெலம் அளக்கறியா?"

"நாட்டை அளக்கறேன்."

"இன்னாது?"

வந்தவர் சிரித்துக்கொண்டே எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். பெயர் பக்தவத்சலம். ஆவடிப் பக்கம் ஒரு மில்லில் கிளார்க்காக இருந்தவர். மில்லை இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார். காலையில் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏழு முதலாளிகளைப் பார்க்கப் போய், ஏழு பேரும் வாட்ச்மேனை விட்டுத் துரத்தினார்களாம்.

"வெளிநாட்டுல படிச்சவனுங்க கணக்கு எடுக்கறானுங்க அண்ணாத்தே. எந்த நாட்டுல ஒருத்தன் தன் இஷ்டத்துக்குத் தொழில் பண்ணலாம், எந்த நாட்டுல பண்ண உட மாட்டாங்கன்னு. ஒவ்வொரு நாட்டுக்கும் மார்க்கு. மேலேர்ந்து கீழ வரிக்கும் வரிசையா அடுக்கிடுவானுங்க."

"பாஸ் பண்ணா இன்னா குடுப்பான்?"

"ஒண்ணும் குடுக்க மாட்டான். பேப்பர்ல போடுவான்."

"ஃபெயில் ஆனா?"

"அதையும் பேப்பர்லதான் போடுவான்."

"இதுக்கு மெனக்கெட்டு மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டுகினு வந்தியா நீ? டீக்கடையில குந்திகினு நீயே எழுதிக்க வேண்டியதுதானே?"

பக்தவத்சலம் தலையைச் சொறிந்தார். "பாதி அப்டித்தான் எழுதறேன். மேல ஒருத்தன் வந்து செக் பண்றான், அதான் மீதி."

இந்தப் பதில் அய்யாசாமிக்குப் பிடித்துவிட்டது. பொய் சொல்கிறேன் என்று உண்மை பேசுகிற ஆள். "கேளு, இன்னா கேக்கணுமோ," என்றார்.

கெங்கம்மாள் எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அந்த வரிசையில சிங்கப்பூரும் கீதா சார்?"

"கீதாவா? அது உச்சியில கீதும்மா. நாமதான் அடியில எங்கியோ கெடக்கறோம்."

கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். "எம்புள்ள அப்பவே எழுதினான்," என்றாள்.

அய்யாசாமி பிரஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளை பெயர் குணசேகரன். ஒரே பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்தவன். எண்பத்தைந்தில் அய்யாசாமி அம்பத்தூர்க் கம்பெனியிலிருந்து கணக்கை முடித்துக்கொண்டு வந்ததே அவனுக்காகத்தான். அய்யாசாமியின் அப்பன், பாட்டன் எல்லாம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் அடுத்தவன் மிஷினில் தகடு கொடுத்தவர். பிள்ளையாவது தன் மிஷினில் நிற்கட்டும் என்று ஒரு பழைய பிரஸ்ஸையும், மின்சாரம் வருகிற வரைக்கும் ஓட்ட ஒரு டீசல் இன்ஜினையும் வாங்கிப்போட்டார். இன்ஜினிலிருந்து பிரஸ்ஸுக்கு ஒரு அகலமான பெல்ட் ஓடும்.

அந்தக் காலத்தில் தகடு கடையில் கிடைக்காது. கிடைக்கும், கறுப்பில். சரியான விலையில் வேண்டுமென்றால் சர்க்கார் கோட்டா. கோட்டா வேண்டுமென்றால் தொழிலைப் பதிவு பண்ணியிருக்க வேண்டும். பதிவு பண்ண வேண்டுமென்றால் ஆபீசர் வந்து மிஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். குணசேகரன் மனு எழுதி எழுதித் தேய்ந்தான். பதினேழு மாசம். ஒரு நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தான், எந்த மனு எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்று. கடைசியில் எண்பத்தேழில் ஆபீசர் வந்தார். வந்த வேளையைப் பாருங்கள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மதியம் மூன்று மணி.

கம்பெனிகளில் முந்தின நாளே பூஜையை முடித்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அய்யாசாமியும் அம்பத்தூர்ப் பழக்கத்தில் அன்றைக்கே பூஜையை முடித்திருந்தார். பிரஸ்ஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டை போட்டு, பொட்டு வைத்து, சாமந்தி மாலை சாத்தி, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். பூஜை போட்ட மிஷினை விஜயதசமி அன்றைக்குத்தான் திரும்பத் தொட வேண்டும். எல்லோருக்கும் அது வழக்கம். அய்யாசாமிக்கு வழக்கத்துக்கும் மேலே. எழுபத்துநாலில் அம்பத்தூரில் பூஜை முடிந்த அரைமணியில், அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசர் பிரஸ்ஸை ஓட்டச் சொன்னான். இவரும் ஓட்டினார். இடது கையில் இரண்டு விரல் பாதியோடு போயிற்று. குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

வந்த ஆபீசர் பஸ்ஸில் வந்து, குடை பிடித்துக்கொண்டு வேலப்பன்சாவடியிலிருந்து நடந்தே வந்தவர். கொடுத்த பொரியைக் கையில் வாங்கிக்கொண்டார். "ஒரே ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க. பார்த்தேன்னு எழுதிடறேன்," என்றார். "எனக்கு மாத்தல் வந்துடுச்சு. இன்னிக்குத்தான் கடைசி. அடுத்த ஆள் எப்போ வருவாரோ. அதான் லீவுக்கு முன்னாடி ஓடி வந்தேன்."

குணசேகரன் பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டான். "நைனா, ஒரு நிமிஷம்தான். நான் ஓட்டறேன், நீ தொட வேணாம்."

அய்யாசாமி பெல்ட்டைப் பிடுங்கினார். ஆபீசரைப் பார்த்து, "பூஜை போட்ட மிஷினை ஓட்டச் சொல்றியே, நீயெல்லாம் சோறுதான் துன்றியா? பூஜை இனாமுக்குத்தானே வந்தே? அத்தை நேரா கேளேன்," என்றார்.

அந்த மனுஷன் பொரியைப் பெஞ்சின் மேல் வைத்தார்.  எழுதினார், நகலைக் கிழித்துக் கொடுத்தார், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். 'ஆய்வின்போது இயந்திரம் இயங்கவில்லை.' இவ்வளவுதான் எழுதியிருந்தது. மனு தள்ளுபடி.

கெங்கம்மாள் அன்றைக்கு சேக்காட்டில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். வந்து கேட்டவளிடம் அய்யாசாமி, "காசு கேட்டான், குடுக்க மாட்டேன்னேன், எழுதிட்டான்," என்றார். வாயில் தானாக வந்தது. பிள்ளை பக்கத்தில்தான் நின்றான். "ஆமாம்மா," என்றான். அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கறுப்பில் தகடு வாங்கி ஓட்டிப் பார்த்தான். அடுத்த ஆபீசர் வரவே இல்லை. எண்பத்தொன்பதில் கப்பல் பட்டறை வேலைக்கு சிங்கப்பூர் போய்விட்டான். அங்கேயிருந்து கடிதம் எழுதுவான். அவன் புத்தி எங்கே போகும், கடிதம் பூராவும் கணக்குதான். இங்கே ஒரு கடை போட எத்தனை நாள் தெரியுமா, இரண்டே நாள். மின்சாரம் கேட்டால் அதே வாரம். தகடு வேணுமா, கடைக்குப் போ, வாங்கு, எவனும் ஏன் என்று கேட்க மாட்டான். நம் ஊரில் இத்தனை மாசம், இங்கே இத்தனை நாள் என்று பக்கத்தில் பக்கத்தில் கோடு போட்டு எழுதுவான். இரண்டு நாட்டையும் அவன் அப்போதே அளந்துவிட்டான். அய்யாசாமி எழுத்துக் கூட்டிக் கெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டுவார். ஒவ்வொரு எண்ணும் தன்னைக் குத்திக்காட்டவே அவன் எழுதுகிறான் என்று மனசுக்குள் கறுவிக்கொள்வார்.

தொண்ணூற்றொன்று மாசி மாசம், கப்பலின் பக்கவாட்டில் கட்டியிருந்த சாரத்திலிருந்து விழுந்தான். பெட்டியில் வந்தான். இருபத்தேழு வயசு. அடுத்த வருஷம் சர்க்காரில் தகட்டுக்குக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பதிவும் வேண்டாம், ஆபீசரும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அந்தச் செய்தியை டீக்கடையில் எவனோ சத்தம்போட்டுப் படித்தபோது அய்யாசாமி பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார்.

கெங்கம்மாள் ஆடிக்கு ஆடி கங்கையம்மன் கோயில் வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். "காசுக்கு எம்புள்ளையத் தொரத்தினானே, அவன் குலம் விளங்கக் கூடாது, அவன் புள்ளைங்க தெருவுல நிக்கணும்." அய்யாசாமி பத்தடி தள்ளி நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் பக்தவத்சலத்துக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குக் கேள்வி கேட்டு ஒன்று முதல் பத்துக்குள் எண் போட்டுக்கொண்டு வந்தார். வரி கட்டுவது கஷ்டமா? போலீஸ் தொல்லை உண்டா? சொத்து உன் கையில் பத்திரமா? அய்யாசாமி எல்லாவற்றுக்கும் ஏடாகூடமாகவே பதில் சொன்னார்.

"கோர்ட்டு மேல உனக்கு எவ்ளோ நம்பிக்கை அண்ணாத்தே, பத்துக்கு?"

"கோர்ட்டுக்கு வெளியில எலுமிச்சை ஜூஸ் விக்கறவன் மேல வேணும்னா ஒரு ஆறு போடு."

"கோர்ட்டுக்குக் கேட்டேன்."

"அந்த ஆறுல கோர்ட்டுக்குப் பங்கு கெடையாது."

மறுபடி தரையில் உட்கார்ந்து வாஷர் கோத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள்கூடச் சிரித்தாள். அப்புறம் அவள்தான் கேட்டாள், "ஏன் சார், இதுல எம்புள்ளைய எங்க எழுதுவாங்க? இங்கியா, அங்கியா?"

பக்தவத்சலத்துக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். கப்பல் பட்டறை, சாரம், பெட்டி. பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதினவன், பாஸ்போர்ட்டைக் காண்டிராக்டர் வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான் என்று எழுதினது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆள் பேனாவை மூடிவிட்டார்.

"முதலாளிங்களைத்தாம்மா கேப்பாங்க. வேலைக்குப் போனவங்களுக்கு இதுல கேள்வி இல்ல."

"அப்போ அந்த ஊரு மார்க்குல அவன் இல்ல."

"இல்லம்மா."

"இந்த ஊரு மார்க்குல?"

பக்தவத்சலம் காகிதத்தைப் புரட்டினார். "இந்தா, பதினேழாவது கேள்வி. தொழிலைப் பதிவு பண்ண எத்தனை நாள் ஆச்சு, கெடைக்கலைன்னா இன்னா காரணம். இதுல வேணும்னா வரும். காரணத்துக்கு நம்பர் கீது. ஆபீஸ்ல தாமசம்னா ஒண்ணு, லஞ்சம்னா ரெண்டு..."

"ரெண்டு," என்றாள் கெங்கம்மாள். "ரெண்டு போடு சார். காசு கேட்டான் அந்தப் பாவி. எம்புள்ள உசுரு சார் அந்த ரெண்டு. நல்லா அழுத்திப் போடு."

"எல்லாரும் ரெண்டுதாம்மா சொல்றாங்க," என்று பக்தவத்சலம் பேனாவைத் திறந்தார்.

அய்யாசாமி பேனா முனையையே பார்த்தார். வாழ்நாள் பூராவும் காகிதம் பொய் சொல்லும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் கையில் வந்து சேர்ந்த காகிதங்களிலேயே ஒன்றுதான் உள்ளதை உள்ளபடி சொன்னது. 'இயந்திரம் இயங்கவில்லை.' அதைப் பொய் என்று ஆக்கினவர் அவர். இப்போது இந்தக் காகிதத்தில் ஒரு ரெண்டு ஏறப்போகிறது. கடல் தாண்டிப் போகும், பிள்ளை செத்த ஊருக்குப் பக்கத்தில் இந்த ஊரை நிற்க வைத்து அளப்பார்கள், அந்த அளவுக்குள் அவர் பொய்யும் ஒரு புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். பேனா காகிதத்தைத் தொட்டது.

"போடாதே," என்றார்.

"இன்னா அண்ணாத்தே?"

"ரெண்டு இல்ல. அவன் காசு கேக்கலை."

கெங்கம்மாள் திரும்பினாள். "இன்னாய்யா சொல்றே?"

"காசு கேக்கலை கெங்கா. மிஷினை ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொன்னான். பூஜை போட்டாச்சு, ஓட்ட மாட்டேன்னேன். குணா பெல்ட்டை எடுத்தான். நான் புடுங்கிட்டேன். அந்த ஆளு மாத்தலாகிப் போற நாளுல நமக்காவ நடந்து வந்தவன். அவனைப் போயி, இனாம் வாங்க வந்தியான்னு கேட்டேன். அதுக்கு இன்னா நம்பர் வெச்சிகிறான், பாரு சார். பாத்துச் சொல்லு."

பக்தவத்சலம் பட்டியலைப் பார்த்தார். விரலை வைத்துக் கீழே வரை போனார்.

"இல்ல அண்ணாத்தே. இதரன்னு ஒண்ணு கீது. ஆறு."

"அத்தைப் போடு."

அவர் ஆறு போட்டார். பக்கத்தில் விவரம் எழுத ஒரு கோடு இருந்தது, அதை வெறுமனே விட்டுவிட்டார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். "மீதியை நானே எழுதிக்கறேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய், அங்கே போய்த்தான் கிளப்பினார்.

 கெங்கம்மாள் கம்பியில் பாதி கோத்திருந்த வாஷர்கள் ஒவ்வொன்றாக நழுவி விழுந்துகொண்டிருந்தன, அவள் பிடிக்கவில்லை.

"அவனும் ஆமாம்மான்னு சொன்னானே," என்றாள்.

"எனக்காவ சொன்னான்."

"வேற இன்னா மறைச்சே?"

அய்யாசாமி உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நீலக் கடிதங்கள். அதில் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "இதுல நாலு வரி உட்டுட்டுப் படிச்சேன்."

"படி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரல் இல்லாத கையால் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"இங்கே ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது. என் கிரைண்டிங் மிஷினுக்கு நானே பொட்டு வைத்தேன். சூப்பர்வைசர் வந்து ஓட்டு என்றான். உன்னை நினைத்துக்கொண்டேன் நைனா. மாட்டேன் என்று சொல்ல எனக்கு இங்கே வாய் இல்லை, அது உன் கொட்டகையில்தான் முடியும். ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. நீ பயப்படாதே."

படித்து முடித்துவிட்டு, கடைசி வரியை மறுபடியும் பார்த்தார். ஏழு வருஷமாக 'ஒன்றும் ஆகவில்லை' என்பதை மட்டும்தான் படித்திருந்தார். நீயும் ஓட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பிள்ளை கேலி பண்ணுகிறான் என்று நினைத்து, அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. அவன் அடுத்து இரண்டு கடிதம் போட்டான், அவற்றுக்கும் போடவில்லை. அப்புறம் பெட்டிதான் வந்தது. நீ பயப்படாதே என்று எழுதியிருப்பது இத்தனை நாளும் கண்ணிலேயே படவில்லை.

"பதிலு போட்டேன்னு சொன்னியே," என்றாள் கெங்கம்மாள்.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

வெயில் கொட்டகைக்குள் வந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்தாள். அவள் அடுத்துக் கேட்டதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அந்த ஆபீசருக்குப் புள்ளைங்க இருந்துச்சா?"

"தெரியாது கெங்கா."

"இத்தினி ஆடி. இத்தினி ஆடி அந்தப் புள்ளைங்க மேல மண்ணை வாரி எறைச்சிகிறேன். நீ பக்கத்துல நின்னுகினு பாத்தே."

அவர் கடிதத்தை மடித்தார்.

"அந்தாளு பேரு இன்னா?"

பெட்டிக்கு அடியில் அந்த நகலும் இருந்தது. கார்பன் எழுத்து மங்கிப்போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருந்ததைக் கூட்டினார். "உ... ல... க... உலகநாதன்."

"உலகநாதன்," என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறந்துவிடக் கூடாது என்பது போல இன்னொரு தரம் சொன்னாள். மடியிலிருந்த வாஷர்களை உதறிவிட்டு எழுந்தாள். சமையலறையில் போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்தாள், கற்பூரம் எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"நானும் வரேன்," என்றார் அய்யாசாமி.

"வராதே."

செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். உச்சி வெயிலில் கங்கையம்மன் கோயில் பக்கமாக, சொம்புத் தண்ணீர் தளும்பாமல், வாய்க்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் திரும்பி வர சாயங்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் அய்யாசாமி எண்ணெய் டின் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிரஸ்ஸில் செருகின தகடு செருகினபடியே இருந்தது. இரண்டு பேர் வாஷர் வாங்க வந்தார்கள். மிஷின் இன்றைக்கு ஓடாது, போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.